ஈஸி கீழே, பீஸி மேலே

எங்கள் அக்கா வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தால் சண்டை இல்லை என்று அர்த்தம். தமிழுக்கு மாறிவிட்டால் நான் மெல்ல எழுந்து செருப்பைத் தேடுவேன்.

இங்கிலீஷ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கைப்பிடி ஜோடி வார்த்தைகள். ஈஸி பீஸி. ஓக்கி டோக்கி. ஈவன் ஸ்டீவன். ஸ்டெடி எடி. நோ வே ஹோசே. பை பை பட்டர்ஃப்ளை. இங்கிலீஷ்காரர்கள் குஷியாக இருக்கும்போது ஒரு வார்த்தையோடு நிறுத்துவதில்லை. அதே ஓசையில் இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். வந்து உட்கார்ந்ததற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நாம் மட்டும் சளைத்தவர்களா? கயிறு கியிறு, ஆணி கீணி, கன்னாபின்னா, தாறுமாறு என்று நாமும்தான் வெளுத்துக் கட்டுகிறோம். ஆனால் நம்முடையதை வைத்துக்கொண்டு யாரும் கிரேன் ஓட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் அக்கா அவர்களுடையதை வைத்து ஓட்டினாள்.

அக்கா டவர் கிரேன் ஆபரேட்டர். காலையில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, முதுகுக்கு ஒரு தலையணை எல்லாவற்றையும் பையில் போட்டு மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். முன்பு ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஆளாளுக்கு வந்து வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கதை பேசுகிறார்கள் என்பது அவள் குறை. கிரேன் பரீட்சை எழுதி மேலே போனாள். "இங்க யாரும் வந்து கைய ஊன முடியாது" என்று முதல் நாள் இறங்கி வந்தபோது சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை, அதாவது எங்கள் அத்தான், அதே கிரேனுக்குக் கீழே சிக்னல்மேன். மேலே இருப்பவளுக்குச் சுமை இறங்கும் இடம் பாதி நேரம் தெரியாது, சுவர் மறைக்கும். கீழே நிற்பவர் பார்த்து வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். அத்தானுக்கு உயரம் என்றால் உதறல். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே என்னைக் கூப்பிட்டுக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பெண்டாட்டி மேகத்துக்குப் பக்கத்தில், அவர் மண்ணில். அந்த ஏற்பாடு இருவருக்கும் பொருந்திப்போயிற்று.

பொருந்தாதது பேச்சு ஒன்றுதான். ஆரம்பத்தில் அத்தான் "மெதுவா தூக்கு" என்பார். மேலேயிருந்து "ம்" என்று வரும். குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும், பெண்டாட்டியின் "ம்" ஒரு பதில் ஆகாது. கேட்டுவிட்டேன் என்றும் இருக்கலாம், வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்றும் இருக்கலாம். "நேரா பிடி" என்றால் "எனக்குத் தெரியாதா?" என்று வரும். பிறகு அங்கிருந்து கிளைத்து, அவருடைய அம்மாவின் வாய் வரைக்கும் போகும். நடுவில் செங்கல் அந்தரத்தில் தொங்கும்.

அத்தான் ஒரு காலத்தில் ஒரு வெளிநாட்டு மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர். அந்த ஆள் எந்த உத்தரவையும் ஜோடி வார்த்தையாகத்தான் கொடுப்பாராம். அதிலிருந்து பொறுக்கியெடுத்து அத்தான் ஒரு முறை ஏற்படுத்தினார். முதல் பாதியை அவர் சொல்ல வேண்டும், மீதிப் பாதியை அக்கா சொல்ல வேண்டும். மீதி வந்தால்தான் அவளுக்குக் கேட்டது என்று கணக்கு. அவர் "ஈஸி" என்பார், தூக்கலாம் என்று பொருள். அவள் "பீஸி" என்பாள். உடனே அவர் கீழே நிற்கும் ஆட்களுக்குக் கட்டைவிரலைக் காட்டுவார், அவர்கள் விலகுவார்கள், சுமை எழும்பும். ஒரு பக்கம் சாய்ந்தால் "ஈவன்", பதிலுக்கு "ஸ்டீவன்". ஆட்டம் நிற்க "ஸ்டெடி", பதிலுக்கு "எடி". சுமை தரையில் உட்கார்ந்ததும் "ஓக்கி". அவள் பிரேக்கைப் போட்டுவிட்டு "டோக்கி" என்பாள். அந்த "டோக்கி" வந்த பிறகுதான் கொக்கியில் யாரும் கை வைக்கலாம். உயிர்போகிற நிலைமையில் நிறுத்த "நோ வே", பதிலுக்கு "ஹோசே". வேலை முடிந்தால் "பை பை". மேலேயிருந்து "பட்டர்ஃப்ளை" என்று வரும், சைட்டே பையைத் தூக்கும்.

இதில் சண்டைக்கு இடமே இல்லை. "ஈஸி" என்று ஒருவர் சொன்னால் "பீஸி" என்பதைத் தவிர வேறு என்னதான் சொல்வது? அவருடைய அம்மாவை அதற்குள் எப்படி நுழைப்பது?

சைட்டில் அவர்களுக்கு ஈஸி, பீஸி என்றே பெயர் விழுந்துவிட்டது. அக்காவுக்கோ அந்த வார்த்தைகளில் வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். "இந்த ஹோசே யாருக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "யாரோ பாவம், எத கேட்டாலும் முடியாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றாள். எடி நிதானமானவனாம், ஸ்டீவன் பாகப் பிரிவினையில் கறாரான ஆளாம். நான் அந்த சைட்டின் ஸ்டோர் கீப்பர். கையுறை, சுமை கட்டும் பட்டை, போல்ட் எல்லாம் என் பொறுப்பு. என் மேஜையில் ஒரு வாக்கி டாக்கி ரேடியோ எப்போதும் திறந்திருக்கும். அக்கா குடும்பத்தின் தட்பவெப்பத்தை நான் அதில்தான் தெரிந்துகொள்வேன். "பீஸி" கணீரென்று வந்தால் காலை நன்றாக விடிந்திருக்கிறது. இழுத்துக்கொண்டு வந்தால் குழம்பில் யாரோ ஏதோ குறை சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் சட்டுபுட்டு சார் வந்து கல்லெறிந்தார். அவர் சைட் இன்ஜினியர். எதையும் "சட்டுபுட்டுன்னு முடிங்க" என்பதால் அந்தப் பெயர். ஆபீஸில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, ஏசி அறை, நாற்காலி, வருகிறாயா என்று அத்தானைக் கேட்டிருக்கிறார். அத்தானும் நின்ற இடத்திலேயே சரி என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, யாரோ ஊருக்குப் போன செய்தி மாதிரி சொன்னார்.

அக்கா "ம்" என்றாள்.

நான் செருப்பைத் தேடவில்லை, நேராக வாசலுக்கே போய்விட்டேன். அக்கா என் பின்னால் வந்தாள். "இத்தன வருஷம் என் காதுக்குள்ள இருந்த மனுஷன், என்னை ஒரு வார்த்த கேக்கல பாரு. நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து ஈஸின்னா, நான் யார நம்பி பீஸி சொல்றது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஏசி அறைக்கு ஆசைப்பட்டுப் பெண்டாட்டியைத் தொங்கலில் விட்ட அத்தான்மேல் எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு நான் வாயத் தொறக்கப் போறதில்ல. மீதிய சொல்லுன்னு அவரே கெஞ்சட்டும், சைட்டு முழுக்கக் கேக்கட்டும்" என்றாள். நல்ல யோசனை என்று நானும் தூபம் போட்டேன்.

காலையில் முதல் வேலை, செங்கல் அடுக்கு ஒன்றைப் பக்கத்துத் தளத்தில் கொண்டுபோய் வைப்பது. நான் ரேடியோவைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்தேன்.

"ஈஸி" என்றார் அத்தான்.

மேலேயிருந்து சத்தமே இல்லை. கலவை இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இப்போது கெஞ்சுவார், இப்போது கெஞ்சுவார் என்று பார்த்தால், அத்தான் வழக்கம்போல ஆட்களுக்குக் கட்டைவிரலைக் காட்டினார். அவர்களும் விலகினார்கள்.

என்ன கொழுப்பு! மீதி வரவில்லை என்பதைக்கூடச் சட்டை செய்யவில்லையே! அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். சுமை வெடுக்கென்று எழும்பியது. எழும்பியதில் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஈவன்" என்றார் அத்தான்.

"எருமை" என்றாள் அக்கா.

சைட்டில் எத்தனை ரேடியோ உண்டோ அத்தனையிலும் சிரிப்பு வெடித்தது. கம்பி கட்டுகிறவர்கள் கம்பியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தான் மேலே பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"ஸ்டெடி" என்றார்.

"உங்க மூஞ்சி."

"சூப்பர்" என்றார் அத்தான்.

இந்த இடத்தில் என் சிரிப்பு பாதியில் நின்றது. அத்தானை எருமை என்றால் அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. "எருமையக் கட்டிக்கிட்டவ என்னவாம்?" என்பது அவர் எப்போதும் வைத்திருக்கும் பதில். தூக்கத்தில் சொன்னால்கூட அதைச் சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார்.

செங்கல் அடுக்கு தளத்தில் உட்கார்ந்தது. "ஓக்கி" என்றார் அத்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அவள் கோபத்தில் சும்மா இருக்கவில்லை, பார்ப்பதற்காகச் சும்மா இருந்தாள். பிரேக்கை எப்போதோ போட்டுவிட்டாள். எங்கள் அக்கா கோபக்காரிதான், கொலைகாரி இல்லை. ஆனால் அது அத்தானுக்குத் தெரியாது. "டோக்கி" வரவில்லை. வராத "டோக்கி"க்கு அத்தான் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டு ஆட்கள் கொக்கியை நோக்கிக் கையை நீட்டினார்கள்.

"நோ வே!" என்று ரேடியோ அலறியது. அக்காவின் குரல். அவருடைய பாதியை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆட்கள் இருவரும் சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொண்டு பின்னால் குதித்தார்கள். சைட்டில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அத்தான் மட்டும் கட்டைவிரலை உயர்த்தியபடி, இவர்கள் ஏன் குதிக்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஏணியில் இறங்கி வந்தாள். வேலை நேரத்தில் அவள் இறங்கி யாரும் பார்த்ததில்லை. வெகு நேரம் பிடித்தது. அதற்குள் சைட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கிரேன் பக்கத்தில் ஏதோ ஒரு வேலை முளைத்துவிட்டது. ஆபீஸ் விஷயமாகத்தான் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து அத்தான் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். "இந்தா பாரு, எல்லாரும் பாக்குறாங்க, வீட்டுல போய்..." என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினாள். கையுறை போட்ட கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். மூடிய கைக்குப் பின்னால் ஏதோ சொன்னாள்.

அத்தான் அவள் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளை மறைத்துக்கொண்டால் முழிப்போமே, அந்த முழி. பிறகு துணிந்து "எடி" என்றார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்கா அவரை என் ஸ்டோருக்குள் இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே இரைச்சல் குறைவு. அங்கே அவருக்கு எல்லாம் கேட்டது. வீட்டிலும் கேட்கத்தான் செய்திருக்கிறது. சைட் இரைச்சலில், ரேடியோவில் வரும் குரல்தான் கரைந்துபோயிருக்கிறது.

"எப்போலேர்ந்து?" என்றாள் அக்கா.

"என்ன எப்போலேர்ந்து?"

"எருமைன்னேன். கேட்டுச்சா?"

"யாரை?"

"உங்களத்தான்."

அத்தான் பட்டைகள் அடுக்கியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "இந்தக் கட்டடம் அஸ்திவாரத்துல இருந்தப்பவே கொஞ்சம் கொஞ்சமா..." என்றார்.

"அப்போ இத்தன மாடிக்கும் நான் சொன்ன மீதி?"

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? நான் ஈஸின்னா நீ பீஸி. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பாதி வாழ்க்கையைச் சேர்ந்து கழித்தவரின் பெருமை. அக்கா அவரையே பார்த்தாள்.

"இன்னிக்கு நான் சொல்லலியே" என்றாள்.

அத்தானின் முகம் அப்போதுதான் மாறியது.

"ரெண்டு பேரு கைய நீட்டுறாங்க. நான் பிரேக்கு போட்டேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. கட்டைவிரலக் காட்டுறீங்க. அந்த விரலு யாரோட விரலுக்குப் பதில்?"

"அதனாலதான் ஆபீஸுக்குப் போறேன்னேன்" என்றார் அத்தான் தரையைப் பார்த்து.

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ அழுவ."

"நான் அழுதேனா? அழுதேனா நான்?" என்று கேட்டபடி அக்கா கையுறையால் கண்ணைத் துடைத்தாள். கன்னம் முழுக்க கிரீஸ் ஆனது.

எனக்கு அத்தானைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. காது போனது அவர் தப்பில்லை. போன காதை ஒளித்து வைத்துக்கொண்டு, பிறத்தியார் கைவிரல்களை வைத்து விளையாடியது தப்பு. அதையும் அவர் தன் பெண்டாட்டிமேல் இருந்த நம்பிக்கையால் செய்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா முகத்தைக் கழுவினாள். "நானும்தான் ரோஷத்துல வேலையில விளையாடிட்டேன். வாங்க, ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்" என்றாள்.

சட்டுபுட்டு சார் அன்றைக்கு எதையும் சட்டுபுட்டென்று முடிக்கவில்லை. இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சாவகாசமாகத் திட்டினார். அத்தானை உடனே ஆபீஸுக்கு அனுப்பினார். காது டாக்டரைப் பார்க்காமல் சைட்டில் கால் வைக்கக் கூடாது என்றார். டாக்டர் பாக்கு அளவில் ஒரு மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அத்தான் வீட்டுக்கு வந்து, நம் வீட்டுக் குழாய் இப்படியா சொட்டுகிறது என்று ஆச்சரியப்பட்டார். அக்காவின் "ம்"முக்குப் பிறகு ஒரு முணுமுணுப்பு உண்டு என்பதும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன முணுமுணுப்பு என்பதை நான் எழுதப் போவதில்லை.

புது சிக்னல்மேன் ஒழுங்கானவன். "தூக்கு" என்பான், அக்கா "தூக்குறேன்" என்பாள். அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஒரு நாள் "ஈஸி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். "தம்பி, எனக்குத் தமிழே புரியும்" என்று மேலேயிருந்து வந்ததாம். அதோடு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

அத்தான்மேல் அக்காவின் கோபம் தீரவில்லை. ஏசி அறைக்கான கோபம் போய், மறைத்ததற்கான கோபம் வந்திருந்தது. இது கெட்டியான கோபம். சமையல் நடந்தது, சட்டை துவைத்துக் காய்ந்தது, பேச்சு மட்டும் "ம்".

அத்தானின் மேஜை ஆபீஸ் ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலில் கிரேன் தெரியும். வேலை முடிகிற நேரத்தில் அவர் ஒரு நாள் ரேடியோவை எடுத்து "பை பை" என்றார். சைட்டே காதைத் தீட்டிக்கொண்டது. அக்கா அவசரப்படவில்லை. கேபின் விளக்கை அணைத்தாள், பையை மாட்டினாள், பிறகுதான் பேசினாள்.

"பட்டர்ஃப்ளை நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாததா ஒண்ணு சொல்றேன். கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. நான் ஒரு எருமை."



"நான் ஒரு எருமை" என்றார் அத்தான். பிறகு, "என்னைக் கட்டிக்கிட்டவ என்னவாம்?" என்று சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு சைட் வீட்டுக்குப் போகவே நேரமாகிவிட்டது, அவ்வளவு சிரிப்பு.

அதுவே வழக்கமாயிற்று. "பை பை" என்பார் அத்தான். பதில் தினம் ஒன்று வரும். "தக்காளி அரைக்கிலோ, அழுகல் பாத்து வாங்கணும்." "குளியலறை விளக்க அணைக்காம வந்த ஆள் நான்தான்." "எங்க அம்மா என்னை ரொம்பச் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க." அத்தான் ஒவ்வொன்றையும் முழுச் சைட்டும் கேட்க, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார். மெஷினில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தெரிந்த பதிலுக்கு ஆடிய தலை, தெரியாத பதிலுக்காக இப்படிக் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அக்கா வேண்டுமென்றுதான் குனிய வைத்தாள்.

நேற்று சாயங்காலம் நான் கையுறைக்கு ஒரு கையெழுத்து வாங்க ஆபீஸில் நின்றுகொண்டிருந்தேன். கலவை இயந்திரத்தை நிறுத்தியாகிவிட்டது. ஆட்கள் வாசலில் பையோடு காத்திருந்தார்கள், இன்றைக்கு என்ன வாங்கிக் கட்டிக்கொள்வார் என்று பார்க்க.

"பை பை" என்றார் அத்தான்.

அக்கா வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். வந்த குரலும் வழக்கமான குரல் இல்லை.

"கோபம் போயிடுச்சு."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த மேஜையில் இருந்த சட்டுபுட்டு சாருக்கும் கேட்டது, அவர் பேனாவை வைத்துவிட்டார். அத்தானிடமிருந்து மட்டும் பதில் இல்லை. காதில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.  மெஷினின் பேட்டரி போய்விட்டதா? இதைச் சொல்ல அக்கா எத்தனை நாள் எடுத்துக்கொண்டாள், இன்றைக்குப் பார்த்தா போக வேண்டும்?

அத்தான் பொத்தானை அழுத்தினார். "சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

"கோபம் போயிடுச்சுன்னேன்!"

நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போனேன். மனுஷர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பொத்திய கைக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு வழிந்துகொண்டிருந்தது, கண்ணிலும் ஏதோ வழியத் தயாராக இருந்தது.

"ஒரே இரைச்சலா இருக்கு" என்றார், ஓய்ந்து கிடந்த சைட்டைப் பார்த்துக்கொண்டு. "இன்னும் ஒரே ஒரு தடவ."

 அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"நோ வே" என்றாள்.

"ஹோசே" என்றார் அத்தான், அவள் வாயை மூடுவதற்குள்.